கொசுவின் காது: வடசென்னைக் கொசு ஒழிப்புப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் வீடு வீடாக ஏறி இறங்கும் அக்கா, தங்கை, அண்ணன், தம்பிகள் அனைவருக்கும்,

'மலேரியாக்காரங்க வந்திருக்காங்க' என்றுதான் எங்கள் தெருவில் உங்களைச் சொல்வார்கள். சிலர் கதவைத் திறப்பார்கள். சிலர் 'எங்க வீட்ல கொசுவே இல்லம்மா' என்று உள்ளே இருந்தபடியே அனுப்பிவிடுவார்கள். தோளில் பை, கையில் டார்ச், அகப்பை, அபேட் மருந்து. இரும்பு ஏணி ஏறி, வெயிலில் கொதிக்கிற சின்டெக்ஸ் மூடியைத் திருகி, உள்ளே வெளிச்சம் அடித்த மறுகணம் சொல்லிவிடுவீர்கள்: தண்ணீரின் மேல்பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலஸ், தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ். கல்லூரியில் விலங்கியல் முடித்த பிள்ளைகள் பலர் நுண்ணோக்கி இல்லாமல் சொல்லத் திணறுவதை நீங்கள் மொட்டை மாடியில் நின்றபடி சொல்கிறீர்கள்.

நான் இந்த வடசென்னையில் பிறந்து, நெடுங்காலம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன். தண்ணீருக்குள் கொசு என்ன செய்கிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தண்ணீரைவிட்டு எழும்பிய பிறகு அதன் வாழ்க்கையில் ஒரு முக்கியமான கட்டம் வருகிறது. ஆணும் பெண்ணும் காற்றிலே ஒன்றையொன்று கண்டுகொள்ளும் சில நொடிகள். அது நடக்கவில்லை என்றால் நீங்கள் தேடுகிற புழு எந்த டேங்கிலும் இருக்காது. அந்தக் கட்டத்தைப் பற்றி உங்களிடம் யாரும் பேசுவதில்லை. உங்களுக்குத் தரப்படும் பயிற்சி தண்ணீரோடு முடிந்துவிடுகிறது: மூடி, சம்ப், டயர், தேங்காய்ச் சிரட்டை, மருந்து அளவு. மற்றது உங்களுக்குத் தேவையில்லை என்று யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு கிடையாது. அதனால்தான் இந்த மடல்.

அந்தி வேளையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலை முடித்து வீடு திரும்பியிருப்பீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரிகள் விளக்குப் போடுகிற நேரம். அந்த நேரத்தில் அனாபிலஸும் கியூலெக்ஸும் திரள் கட்டும். சுற்றுப்புறத்திலிருந்து தனித்துத் தெரிகிற ஏதாவது ஒரு பொருளுக்கு நேர் மேலே, பத்துக் கணக்கிலோ நூற்றுக் கணக்கிலோ கொசுக்கள் ஒரே இடத்தில் மேலும் கீழுமாகப் பறந்துகொண்டிருக்கும். அத்தனையும் ஆண்கள். கடிக்கவோ இரத்தம் குடிக்கவோ வந்தவை இல்லை. ஆண் கொசுவுக்கு அதற்கான வாயே கிடையாது, பூந்தேனும் தாவரச் சாறும்தான் அதன் உணவு. பெண்கள் ஒவ்வொன்றாக அந்தத் திரளுக்குள் நுழையும். நுழைந்த சில நொடிக்குள் ஓர் ஆண் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்தபடியே வெளியே விலகிவிடும். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்து திரள் கலைந்துவிடும். ஏடிஸ் கொசுவின் வழக்கம் வேறு: அதன் ஆண்கள் பகலிலேயே நம் கால்களைச் சுற்றித் திரிந்து, கடிக்க வருகிற பெண்ணுக்காகக் காத்திருக்கும்.

வெளிச்சம் மங்கிய வேளையில், நூறு ஆண்களுக்கு நடுவே, வந்தது பெண் என்று ஓர் ஆணுக்கு எப்படித் தெரிகிறது? இறக்கைச் சத்தத்தால்தான். காதோரம் 'ங்ங்' என்று கேட்டு நாம் அடிக்கக் கை ஓங்குகிறோமே, அதே சத்தம்தான் ஆண் கொசுவுக்கு இணை அழைப்பு. பெண் கொசுவின் உடம்பு பெரிது, இறக்கை மெதுவாக அடிக்கும், சுருதி தாழ்ந்திருக்கும். ஆணின் இறக்கை வேகமானது, சுருதி உயர்ந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் ஈஜிப்தியில் பெண்ணின் இறக்கை நொடிக்கு ஏறத்தாழ 400 தடவையும் ஆணின் இறக்கை ஏறத்தாழ 600 தடவையும் அடிக்கும்.

இதைக் கண்டறிந்த வரலாறு உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் பாதி வேலை வெறும் கண்ணால் கவனித்தவர்கள் செய்தது. 1855இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து மருத்துவர் கிறிஸ்டோபர் ஜான்ஸ்டன், கொசுவின் உணர்கொம்பு அடியில் இருக்கிற உருண்டையான பாகத்தை அறுத்துப் பார்த்து, இது காதாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். இன்றும் அதற்கு ஜான்ஸ்டன் உறுப்பு என்றுதான் பெயர். 1874இல் ஆல்ஃபிரட் மேயர் என்ற இயற்பியலாளர் ஆண் கொசு ஒன்றை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, பக்கத்தில் இசைக்கவைகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். சில சுருதிகளுக்கு மட்டும் உணர்கொம்பின் மயிர்கள் அதிர்ந்தன, மற்றவற்றுக்கு அசையவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பின்னாளில் துப்பாக்கியால் பெயர் பெற்ற ஹைரம் மாக்சிம், ஒரு விடுதிக்கு மின்விளக்கு போட்ட இடத்தில் ரீங்காரமிடும் மின்பெட்டி ஒன்றின்மீது கொசுக்கள் வந்து மொய்ப்பதைப் பார்த்தார். பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஆண்கள். அவர் சொன்னதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1948இல் லூயிஸ் ராத் சோதனைச்சாலையில் இசைக்கவை கொண்டே ஏடிஸ் ஆண்களை வரவழைத்துக் காட்டிய பிறகு சந்தேகம் தீர்ந்தது.

இனிக் காதுக்குள் போவோம். இந்த மடலில் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிற இடம் இது.

நம் செவிப்பறை காற்றின் அழுத்தத்தை உணர்கிறது. கொசுவுக்குச் செவிப்பறை இல்லை. ஒலி வரும்போது காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் அசைகின்றன அல்லவா, அந்த அசைவில் உணர்கொம்பே சேர்ந்து அசைகிறது. ஆணின் உணர்கொம்பில் மயிர் அடர்ந்திருப்பது இதற்காகத்தான். காற்றைப் பிடிக்கும் பரப்பு கூடுகிறது. உணர்கொம்பின் தண்டு அடியில் ஒரு தகட்டில் போய் முடிகிறது. தகட்டைச் சுற்றிலும் சிறுசிறு முட்கள். அந்த முட்களோடு நரம்புச்செல்களின் நுனிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. தண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் ஒரு பக்கத்துச் செல்கள் தளர்கின்றன, எதிர்ப்பக்கத்தில் இருப்பவை இழுபடுகின்றன. இழுபட்ட செல்லின் சவ்வில் அயனி வாயில்கள் திறக்கின்றன, மின் துடிப்பு கிளம்பி மூளைக்குப் போகிறது. தண்டு நானோமீட்டர் கணக்கில் அசைந்தாலே போதும், செல் விழித்துக்கொள்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

ஆண் கொசுவின் ஒரு காதில் இப்படிப்பட்ட நரம்புச்செல்கள் ஏறத்தாழ 15,000. மனிதனின் ஒரு காதுக்குள் ஒலியை உணரும் மயிர்ச்செல்களும் ஏறத்தாழ அவ்வளவுதான். பெண் கொசுவுக்கு அதில் பாதி. பூச்சி இனத்தில் இத்தனை செல்களைக் கேட்பதற்கென்றே ஒதுக்கிய உறுப்பு வேறொன்றைக் காட்டுவது கடினம். அரிசி மணியைவிடச் சின்னத் தலையில் இது இருக்கிறது என்பதை நினைத்தால், இத்தனை வருடம் பாடம் நடத்திய எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை.

இந்தச் செல்கள் வெறுமனே கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதும் இல்லை. 2001இல் மார்ட்டின் கோப்ஃபர்ட்டும் டேனியல் ராபர்ட்டும் காட்டியது இது: உணர்கொம்பு அசையும்போது நரம்புச்செல்கள் அதே தாளத்தில் தாமும் தள்ளிக்கொடுக்கின்றன. மெல்லிய ஒலியைச் செல்களே பெருக்குகின்றன. 2018இல் லண்டனில் மேத்யூ சூ, யோர்க் ஆல்பர்ட் குழுவினர் ஏடிஸ், கியூலெக்ஸ், அனாபிலஸ் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆண் கொசுக்களின் உணர்கொம்பு வெளியே எந்த ஒலியும் இல்லாத நேரத்திலும் தானே அதிர்ந்துகொண்டிருக்க வல்லது என்று தெரிந்தது. பெண்ணின் சுருதிக்கு அருகிலேயே அந்த அதிர்வு அமைந்திருக்கும்.

இதற்கு மேலும் ஒரு விசித்திரம் உண்டு. நம் பக்கிங்காம் கால்வாயிலும் கொடுங்கையூர்க் கழிவுநீரிலும் பெருகுகிற கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் கொசுவை வைத்தே அதை நுணுகிப் பார்த்தவர்கள் பிரிட்டனின் கேப்ரியெலா கிப்சன், இயன் ரஸ்ஸல், பென் வாரன் ஆகியோர். யானைக்கால் நோய் பரப்புகிற அதே கொசு. ஆணின் உணர்கொம்பு பெண்ணின் சுருதிக்கு நன்றாக அதிர்கிறது. ஆனால் அடியில் இருக்கிற நரம்புச்செல்களின் மின் துடிப்பை அளந்தால், அவை மிக நன்றாக எழுச்சி கொள்வது பெண்ணின் சுருதிக்கும் இல்லை, ஆணின் சுருதிக்கும் இல்லை. இரண்டுக்கும் கீழே உள்ள ஒரு தாழ்ந்த சுருதிக்கு. காற்றில் அப்படி ஒரு சுருதியே கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது?

காசிமேட்டில் இரண்டு விசைப்படகுகள் பக்கம் பக்கமாக, சற்றே வேறுபட்ட வேகத்தில் எஞ்சின் ஓட நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு சத்தமும் கலந்து 'வூம்... வூம்...' என்று மூன்றாவதாக ஒன்று ஏறி இறங்கும். இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு தடவை அது ஏறி இறங்கும். ஆண் கொசுவின் காதில் நடப்பதற்கு இது நெருக்கமான உறவு. பறக்கிற ஆணின் உணர்கொம்பில் இரண்டு ஒலிகள் ஒரே நேரத்தில் விழுகின்றன: தன் இறக்கையின் ஒலி, பெண்ணின் இறக்கை ஒலி. எடுத்துக்காட்டாக, தன்னுடையது நொடிக்கு 700, அவளுடையது 450 என்று வையுங்கள். காதின் அமைப்பு நேர்கோட்டு விதிக்கு உட்படாதது. இரண்டு அதிர்வையும் அப்படியே கடத்தாமல் பின்னிக் குழைத்துவிடுகிறது. அந்தக் குழைவில் 250 என்ற புதிய அதிர்வு உண்மையாகவே பிறக்கிறது. நரம்புச்செல்கள் காத்திருப்பது அந்த 250க்கு. தன் சுருதியிலிருந்து அவள் சுருதியைக் கழித்து, மிச்சத்தைத்தான் ஆண் கேட்கிறான்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உட்கார்ந்திருக்கிற ஆணுக்குக் கழிக்க எண் இல்லை. பறந்தால்தான் தன் சத்தம், தன் சத்தம் இருந்தால்தான் மிச்சம், மிச்சம் இருந்தால்தான் அவள். திரளில் பக்கத்தில் பறக்கிற மற்ற ஆண்களின் சத்தம் இவனைக் குழப்புவதும் குறைவு, ஏனென்றால் அவர்கள் சுருதியும் இவன் சுருதியும் ஏறக்குறைய ஒன்று. கழித்தால் மிச்சம் மிகச் சிறிது. எல்லோரும் ஒரே இரைச்சலில் பறந்துகொண்டே, அந்த இரைச்சலுக்கு வெளியே வருகிற ஒரே ஒரு தாழ்ந்த சுருதியைப் பிடிக்கிற உபாயம் இது. பெட்ரோ சிமோய்ஷ் என்பவர் ரஸ்ஸல், கிப்சனோடு சேர்ந்து, 2018இல், பறக்கிற ஆண்களுக்குப் பெண்ணின் சுருதியோடு இடையூறு ஒலிகளையும் சேர்த்து ஒலிக்கவிட்டுச் சோதித்துப் பார்த்தார். இந்தக் கழித்தல் கணக்குக்கு வலுச்சேர்க்கும் முடிவுகளே கிடைத்தன.

2009இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் கேட்டர், ரான் ஹோய் முதலியோர் ஏடிஸ் கொசுவில் வேறொன்றைக் கண்டார்கள். ஆணும் பெண்ணும் அருகருகே பறக்கும்போது இருவரும் இறக்கை வேகத்தைச் சற்றே மாற்றி, 1200 என்ற மேல்சுருதியில் வந்து சேர்கிறார்கள். பெண்ணின் 400ஐ மூன்றால் பெருக்கினாலும் 1200, ஆணின் 600ஐ இரண்டால் பெருக்கினாலும் 1200. இதை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் ஓயவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பெண்ணும் கேட்கிறாள், கேட்டு மாற்றிக்கொள்கிறாள் என்பதுதான். அவள் வெறுமனே பிடிபடுகிறவள் இல்லை. பிடிக்காத ஆணை உதைத்துத் தள்ளுவதும் உண்டு.

அனாபிலஸ் விஷயத்தில் நேரம்தான் எல்லாம். அனாபிலஸ் ஆணின் உணர்கொம்பு மயிர்கள் பகலில் தண்டோடு ஒட்டிப் படுத்திருக்கும். அந்தியில் எழுந்து விரியும். காதைத் தேவையான வேளைக்கு மட்டும் திறந்துவைக்கிற ஏற்பாடு. அதற்கு மூளையிலிருந்தே உத்தரவு போகிறது. மூளை காதுக்குத் திருப்பிச் செய்தி அனுப்புகிற இந்த நரம்புகள் பூச்சிகளின் காதில் இருக்காது என்றே முன்பு கருதியிருந்தார்கள். 2016இல் மார்த்தா ஆந்த்ரேஸ் குழுவினர் கியூலெக்ஸ் கொசுவில் அவை இருப்பதைக் காட்டினார்கள். ஆக்டோபமின் என்ற நரம்பு வேதிப்பொருள் மயிர்களை எழுப்புவதோடு காதின் சுருதியையும் மாற்றுகிறது என்பது 2023இல் ஆப்பிரிக்க அனாபிலஸில் தெளிவானது. அதற்கு முந்தைய ஆண்டு, ஆல்பர்ட் குழுவினரோடு ஜேசன் சோமர்ஸ் இன்னொன்று கண்டார்: அந்தியில் ஆண் அனாபிலஸ் இறக்கை வேகத்தைக் கூட்டி, பெண்ணுடையதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்குக் கொண்டுபோகிறது. கழித்தால் வருகிற மிச்சம் நன்றாகக் கேட்கும்படி தன் எண்ணைத் தானே சரிசெய்துகொள்கிறது!

ஒரு சிறு விலகல். சுவர்க்கோழி எனப்படும் சில்வண்டிலும் அழைப்பு உண்டு, ஆனால் கணக்கு வேறு. அங்கே ஆண் பாடும், பெண் தேடிப்போகும். 1913இல் ஸ்லோவேனியரான இவான் ரேகன் ஆணின் பாட்டைத் தொலைபேசி வழியே அனுப்பிப் பார்த்தார். பெண் நேராகத் தொலைபேசிக் கருவியிடமே போனது. கேம்பிரிட்ஜில் பெர்தோல்ட் ஹெட்விக் குழுவினர் 2015இல், பெண்ணின் மூளையில் விரல்விட்டு எண்ணத்தக்க சில நரம்புச்செல்களே அந்தப் பாட்டின் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கின்றன என்று காட்டினார்கள். ஒரு செல் செய்தியைக் கொஞ்சம் தாமதித்து அனுப்பும். தாமதித்து வந்ததும் நேரே வந்ததும் ஒரே கணத்தில் சேர்ந்தால் மட்டும் அடுத்த செல் துடிக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் நம் தென்னகத்து மரச் சில்வண்டுகளை ஆராய்ந்தார்கள். குரல் சிறுத்த ஆண்கள் இலையில் ஓட்டை போட்டு, அதன் நடுவில் நின்று பாடிச் சத்தத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. இடைவெளியை அளப்பது அங்கே, வித்தியாசத்தைக் கழிப்பது இங்கே.

கொசுவுக்கு இந்தக் காது எவ்வளவு அவசியம் என்பதற்கு 2024இல் வந்த ஒரு சோதனை போதும். கலிஃபோர்னியாவில் கிரெய்க் மாண்டெல் ஆய்வகத்தில், நரம்புச்செல்லின் ஒரு குறிப்பிட்ட அயனி வாயிலை உருவாக்கும் மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். ஏடிஸ் ஆண்கள் செவிடாயின. பெண்களோடு ஒரே கூண்டில் நாள்கணக்கில் விட்டுவைத்தும் அவை இணையவே இல்லை. பார்வை இருந்தது, மோப்பம் இருந்தது, இறக்கை இருந்தது. காது மட்டும் இல்லை. இத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அனாபிலஸிலும் ஏடிஸிலும் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைகிறது. அந்த விந்தைச் சேமித்துவைத்து, சாகிறவரை போடுகிற எல்லா முட்டைக்கும் அதையே பயன்படுத்துகிறது. நீங்கள் ஒரு டேங்கில் பார்க்கிற நூற்றுக்கணக்கான புழுக்களுக்குப் பின்னால், ஓர் அந்தியில் சரியாகக் கேட்ட ஒரு காது இருக்கிறது.

இனி இதெல்லாம் உங்கள் வேலைக்கு எங்கே வந்து தொடுகிறது என்று சொல்கிறேன்.

வீடுகளில் உங்களிடம் ஒரு கேள்வி கண்டிப்பாக வந்திருக்கும்: 'பிளக்குல சொருகுற மிஷின் வாங்கிட்டோம், சத்தம் போட்டுக் கொசுவை விரட்டுமாம், இனிமே மருந்து எதுக்கு?' கைப்பேசியில்கூட அப்படிச் செயலிகள் உண்டு. கொசுவின் காது எந்தச் சுருதிக்கு அமைந்திருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். ஏடிஸ் கொசுவின் காதில் நொடிக்கு 2000 அதிர்வு வரைகூட எதிர்வினை அளக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கருவிகள் எழுப்புவதோ 20,000க்கும் மேலே உள்ள மீயொலி. 2007இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, களத்தில் செய்யப்பட்ட 10 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. கொசுக்கடி குறைந்ததற்கு எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. இதை நீங்கள் தயங்காமல் சொல்லலாம். கடிக்க வருகிற பெண் நம் மூச்சுக்காற்றையும் உடம்புச் சூட்டையும் வியர்வை வாடையையும் தேடி வருகிறது, அதற்குக் காது முக்கியமே இல்லை என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். காசைக் கொட்டி ஏமாறுகிறவர்கள் இந்தப் பகுதியில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். கொசுவலை வாங்கியிருக்கலாம்.

பயன்படுகிற ஒலியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரில், பெண் ஏடிஸின் சுருதியை ஒட்டி, 500க்குச் சற்றுக் குறைந்த ஒலியை எழுப்பும் சின்னப் பெட்டியைப் பொறிக்குள் வைத்து ஆண்களைப் பிடித்தார்கள். காது முக்கியமாகிற இன்னொரு முயற்சியும் உண்டு: புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தாங்கிய ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. அந்தப் பாக்டீரியா இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் பெருகுவது தடைபடும். இப்படிக் கூண்டில் வளர்த்த கொசுக்களை ஊருக்குள் விடும் நாள் என்றைக்கு வந்தாலும், முதல் கேள்வி காது சம்பந்தப்பட்டதுதான்: கூண்டில் வளர்ந்த ஆண் தெருவில் பிறந்த பெண்ணைக் கேட்குமா? அதன் இறக்கைச் சத்தம் அவளுக்குச் சரியாக இருக்குமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போகப்போகிறவர்கள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று தெரியாமல் உங்கள் கையில் கொடுப்பது நியாயம் ஆகாது.

துறைமுகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. நம் ஊர் மலேரியாவைப் பரப்புவது அனாபிலஸ் ஸ்டீபன்சி. குளம் குட்டையைத் தேடாமல் கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வளர்கிற நகரத்துக் கொசு. தமிழ்நாட்டு மலேரியாக் கணக்கில் பெரும்பங்கு நெடுங்காலம் சென்னையுடையதாக இருந்ததற்கு அதுவே காரணம். இந்தக் கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டி துறைமுக நகரில் முதன்முதலாகக் காணப்பட்டது. அந்த ஆண்டு அந்த நாட்டில் பதிவான மலேரியா நோயாளிகள் 27 பேர். 2020இல் 73,000க்கும் மேல். 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சில மாதங்களுக்குள் மன்னாரில் இதே ஸ்டீபன்சி கண்டெடுக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் ஜிபூட்டிக்குப் பிறகு எத்தியோப்பியா, சூடான், நைஜீரியா, கென்யா, கானா. கப்பல் வழியும் சரக்கு வழியும் இது பயணிக்கிறது என்பதே வலுவான கணிப்பு. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்காவில் இதைத் தடுக்கத் தனித் திட்டமே தொடங்கியது. அந்த நாடுகளின் பணியாளர்கள் இன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொள்கிற வேலையை, மேல்நிலைத் தொட்டி ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கிற வேலையை, ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தலைமுறையாகச் செய்துவருகிறவர்கள் நீங்கள். உங்களில் பலருக்கு அது இன்னமும் ஒப்பந்தக் கூலி என்பது எனக்கு வேதனை தருகிற விஷயம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை படுத்திருக்கிற அனாபிலஸ் புழுக்களோடு கூட்டுப்புழுவும் கிடைத்தால், உங்கள் மண்டலத்துப் பூச்சியியல் வல்லுநரிடம் சொல்லிவிட்டு, அவர் அலுவலகத்திலேயே சிலவற்றை ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு விட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டிவையுங்கள். பெரும்பாலும் ஆண்கள்தான் முதலில் வெளிவரும். முதல் நாள் அவற்றால் இணைய முடியாது. உடலின் பின்பகுதி அரைச்சுற்றுத் திரும்பி முடிய ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். இரண்டாம் நாள் நண்பகலில் ஒரு முறை, சூரியன் மறையும்போது ஒரு முறை, கைலென்ஸ் வைத்து உணர்கொம்பைப் பாருங்கள். பகலில் ஒட்டிக் கிடந்த மயிர்கள் அந்தியில் எழுந்து நிற்கும். பார்த்து முடித்ததும் புட்டியோடு கொன்றுவிடுங்கள், ஒன்றும் வெளியே போகக்கூடாது.

வீடு திரும்புகிற வழியில் அந்தி நேரத்தில் கிணற்றடியிலோ, காலி மனையிலோ, கன்டெய்னர் அடுக்கு ஓரத்திலோ ஒரு திரள் கண்ணில் பட்டால், அலுவலகப் படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லாவிட்டாலும், எந்தத் தெரு, எத்தனை மணி, எதற்கு நேர் மேலே, எத்தனை அடி உயரத்தில் என்று நோட்டில் எழுதிவையுங்கள். மறுநாள் அதே இடத்தில் அதே நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் திரள்கள் ஒரே அடையாளத்துக்கு மேல் மீண்டும் மீண்டும் கூடுகிற வழக்கம் உண்டு. ஒரு மண்டலத்தில் பத்துப் பேர் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படி எழுதினால், அந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு உங்களோடு நானும் வருகிறேன்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு முன்னாள் விலங்கியல் ஆசிரியர்